பாகப் பிரிவினையும் உடன்பிறந்தார் பிணக்கும்

(ஆலயத் திருவிழாவின் ஐந்தாம் நாள் மாலை, சுவாமி புறப்பாட்டிற்கு முன்னர் ஆலய மண்டபத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

நாரதர் கொண்டுவந்த கனியின் கதை இம்மண்டபத்தில் ஓடி விளையாடும் குழந்தைகளுக்கும் தெரிந்ததே. ஆயினும் அக்கதையை ஒரு சொத்துப் பிணக்கின் கதையாகக் கேட்டவர் மிகச் சிலரே. கனியோ ஒன்று; பிள்ளைகளோ இருவர்; கனியை அரிந்து பங்கிடலாகாது என்பது நிபந்தனை. உலகை வலம் வருபவருக்கே கனி என்று தந்தையார் அறிவித்தார். இளையவர் மயிலேறிப் புறப்பட்டார். மூத்தவர் அம்மையப்பரை வலம் வந்து, இதுவே உலகம் என்றார். கனி மூத்தவருக்குச் சென்றது, இளையவர் மலையேறினார். இதன் தத்துவப் பொருளைச் சான்றோர் பலரும் விரித்துரைத்துள்ளனர். அதனை இங்கே மீண்டும் உரைக்க வேண்டுவதில்லை. குடும்பத்தார் கவனிக்க வேண்டியது வேறொன்று. இளையவரைச் சினங்கொள்ளச் செய்தது பழம் கிடைக்காத ஏமாற்றம் மட்டுமன்று. விதி இன்னதென்று தாம் விளங்கிக்கொண்டது ஒன்றாகவும், தீர்ப்பு வழங்கப்பட்டது வேறொன்றாகவும் இருந்ததே ஆகும்.

இந்நாட்டில் அக்கனி இன்று ஒரு தாமான் வீடாக இருக்கிறது. மூன்று ஏக்கர் ரப்பர் நிலமாக இருக்கிறது. தாயாரின் தாலிக்கொடியாகவும் இருக்கிறது. இவற்றையும் கத்தி கொண்டு அரிய இயலாது. விவசாய நிலத்தைத் துண்டாடும்போது ஒவ்வொரு துண்டும் ஏறத்தாழ ஒரு ஏக்கருக்கு, அதாவது ஒரு ஹெக்டேரில் ஐந்தில் இரண்டு பங்கிற்குக் குறையலாகாது என்பது தேசிய நிலச் சட்டத்தின் விதி. ஆகவே மூன்று ஏக்கரை ஐவருக்கு நிலமாகப் பிரித்துத் தர அலுவலர் எவராலும் இயலாது. ஐவர் பெயரையும் ஒரே பட்டாவில் பிரிவுபடாப் பங்குகளாக எழுதலாம், அவ்வளவே. அதன் பின்னர் விற்பதற்கும் அடகு வைப்பதற்கும் மறுநடவு செய்வதற்கும் ஐந்து கையெழுத்துகள் வேண்டும். ஐவருள் ஒருவர் காலமானால் அவருடைய மனைவி மக்கள் அவ்விடத்தில் வந்து நிற்பர். இருபது ஆண்டுகள் தள்ளிப்போட்ட குடும்பத்தில் பதினைந்து, இருபது கையெழுத்துகளைத் தேடி அலையும் நிலை வருகிறது. அவருள் ஒருவர் ஆஸ்திரேலியாவில் இருப்பார். ஒருவருடைய முகவரியே தெரியாது. சண்டையிட்ட அண்ணன் தம்பியர் இருவரும் மறைந்து, ஒருவரையொருவர் அறியாத அவர்தம் பிள்ளைகள் நில அலுவலகத்து நாற்காலிகளில் அமர்ந்து, எதற்காகச் சண்டை மூண்டது என்பதும் அறியாமல் சண்டையைத் தொடர்கின்றனர். இதனினும் பெரிய கொடுமை வேறில்லை.

மகாபாரதத்தைப் போரின் கதை என்பர். போர் மூள்வதற்கு வெகு காலத்திற்கு முன்பே அது ஒரு பாகப் பிரிவினையின் கதையாகிவிட்டது. பாதி அரசைப் பாண்டவர்க்குக் கொடுப்பதென்று பெரியோர் முடிவு செய்தனர். பாதி என்பது சொல்லளவில் நேர்மையானதே. ஆனால் கட்டி முடிந்த அத்தினாபுரம் ஒரு பக்கத்திற்கும், காடு மண்டிய காண்டவப்பிரத்தம் மறுபக்கத்திற்கும் சென்றன. பீட்டுமரும் துரோணரும் விதுரரும் இருந்த அவையில் நடந்த பிரிவினை அது. காட்டைத் திருத்தி இந்திரப்பிரத்தம் எழுப்பியபோது பொறாமை எழுந்தது. பொறாமையின் பின் சூதாட்டம் வந்தது. முடிவில் ஐந்து ஊர்களாவது தருக என்று தருமர் இறங்கி வந்தும் ஊசிமுனை நிலமும் இல்லை என்ற விடையே கிடைத்தது. பெரியவர்கள் உடனிருந்தார்கள் என்பதனால் மட்டும் ஒரு பிரிவினை நிலைத்துவிடாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமோ?

அர்த்தசாத்திரம் எழுதிய கௌடிலியர் இவ்வகையில் மிக நடைமுறையானவர். சொத்தைப் போலவே கடனையும் சமமாகப் பகிர வேண்டும் என்கிறார் அவர். பொதுச்சொத்து இவ்வளவு, அதில் இன்னார் பங்கு இவ்வளவு என்று சாட்சிகளின் முன்னிலையில் வாய்விட்டு உரைத்த பின்னரே பிரிக்க வேண்டும் என்கிறார். தவறாகப் பிரித்ததையும் மறைத்து வைத்துப் பின்னர் வெளிப்பட்டதையும் மீண்டும் பிரிக்க வேண்டும் என்பதும் அவர் விதி. ஈராயிரம் ஆண்டுகட்கு முன்னரே மறைத்து வைத்தவர்கள் இருந்திருக்கிறார்கள் என்பது இதனால் விளங்கும்!

இனி, இந்நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைச் சுருக்கமாகக் காண்பது நலம். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயில் எழுதாமல் காலமானால் 1958ஆம் ஆண்டுப் பகிர்வுச் சட்டம் அவருடைய சொத்தைப் பங்கிடுகிறது. 1997இல் திருத்தப்பட்ட அச்சட்டத்தின்படி, மனைவியும் மக்களும் இருந்து பெற்றோர் இல்லையெனில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு மக்களுக்கு. காலமானவருடைய பெற்றோரும் உயிருடன் இருந்தால் மனைவிக்குக் கால் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு, மக்களுக்கு அரைப் பங்கு. மக்கள் என்ற சொல்லில் ஆணென்றும் பெண்ணென்றும் வேற்றுமை இல்லை; மணமானவர், மணமாகாதவர் என்ற வேற்றுமையும் இல்லை. சிங்கப்பூரில் மனைவிக்குப் பாதி, மக்களுக்குப் பாதி. அங்கும் மகனும் மகளும் சமமே. தமிழ்நாட்டில் பூர்வீக நிலம் வைத்திருப்போர், அந்நிலத்திற்கு அந்நாட்டுச் சட்டமே பொருந்தும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். தமிழ்நாடு 1989இலேயே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனுக்கு நிகரான உரிமை வழங்கியது. 2005இல் இந்தியா முழுமைக்கும் அது சட்டமாயிற்று.

சேமநிதியை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வோர் பலர். முஸ்லிம் அல்லாத உறுப்பினரின் ஊழியர் சேமநிதிப் பணம், அவர் யாருடைய பெயரைக் குறித்து வைத்தாரோ அவரிடமே போய்ச் சேரும். ஆகவே பெயர் குறித்த தாளைத் தேடிப் பார்க்குமுன் அப்பணத்தின் பேரில் சண்டை தொடங்குவது வீண்.

ஆலயத்தாரும் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1982 மார்ச் முதல் தேதிக்குப் பின்னர் நடந்த திருமணங்கள் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். சன்னிதியில் தாலி கட்டி, விருந்து முடித்து, பதிவை மட்டும் பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்ட தம்பதியர் இன்றும் உள்ளனர். கணவர் காலமான பின், முப்பது ஆண்டு குடும்பம் நடத்திய பெண்மணி தாம் மனைவியே என்று நிறுவ முடியாமல் தவிக்கும் காட்சி காணச் சகியாதது.

உயில் இல்லாத, நிலமோ வீடோ அடங்கிய சொத்தாயின், பெரும்பாலான குடும்பங்கள் உயர் நீதிமன்றம் செல்ல வேண்டியதில்லை. மக்கள் வழக்கில் 'பூசாக்கா கெச்சில்' எனப்படும் சிறு மரபுரிமைச் சொத்துப் பகிர்வுச் சட்டம் 1955இல் இயற்றப்பட்டது. அதன் வரம்பு 20 லட்சம் ரிங்கிட்டாக இருந்து, 2024 ஜூலையில் 50 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. அலுவலர் வாரிசுகள் அனைவரையும் ஒரு நாளில் அழைத்து விசாரிப்பார். வாரிசுகள் தமக்குள் ஓர் ஏற்பாட்டிற்கு ஒருமனதாக வந்திருந்து, அது நியாயமானதென்று அலுவலர் மனநிறைவு கொண்டால், அதனையே ஆணையாகப் பிறப்பிக்க வழியுண்டு. ஆகவே, சண்டையை அந்த அறைக்குள் கொண்டு செல்வதா, உடன்பாட்டைக் கொண்டு செல்வதா என்பது குடும்பத்தாரின் கையிலேயே இருக்கிறது.

அந்த உடன்பாடு எவ்வாறு பிறக்கிறது? பல குடும்பங்களில் நடந்தவற்றைத் திரட்டி ஒரே குடும்பத்தின் கதையாகச் சொல்வது பொருத்தமாக இருக்கும்.

பேராக் மாநிலத்துச் சிற்றூர் ஒன்று. லாரி ஓட்டிப் பிழைத்த தந்தையார் உயில் எழுதாமல் காலமானார். பெற்றோர் அவருக்கு முன்பே மறைந்துவிட்டனர். அவர் விட்டுச் சென்றவை ஒரு தாமான் வீடும் மூன்று ஏக்கர் ரப்பர் நிலமும். மனைவியும், மூன்று ஆண் மக்களும், ஒரு மகளும் வாரிசுகள். மூத்தவர் ஜொகூரில் வேலை செய்பவர். தந்தையாரால் இயலாதபோது வீட்டுக் கடனின் கடைசி இருபத்து நான்கு மாதத் தவணையைக் கட்டியவர். இரண்டாமவர் ஊரிலேயே தங்கி மரம் சீவியவர். அவருடைய மனைவிதான் படுக்கையில் கிடந்த மாமனாரை மூன்றாண்டு பராமரித்தவர். மகள் கிள்ளானில் வாழ்க்கைப்பட்டவர். மருத்துவச் செலவையும் ஈமச் செலவையும் ஏற்றவர். கடைக்குட்டி கோலாலம்பூரில் வாடகை அறையில் இருப்பவர். எதுவும் செலவழிக்க இயலாதவர்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, பந்தி எழுந்த கையோடு மூத்தவர் ஒரு தாளை எடுத்துத் தங்கையின் முன் வைத்தார். தம் பங்கைச் சகோதரர்களுக்கு விட்டுக்கொடுப்பதாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. "உனக்குத்தான் கல்யாணத்தில் நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோமே அம்மா" என்றார். தங்கை அழவில்லை, சண்டையிடவும் இல்லை. "போடுகிறேன் அண்ணா. ஆனால் எவ்வளவை விட்டுக்கொடுக்கிறேன் என்று முதலில் சொல்லுங்கள்" என்றார். எவரிடமும் விடை இல்லை. உண்மையில் எவருக்கும் தெரியவில்லை.

பெண்பிள்ளை விட்டுக்கொடுப்பது அவளுடைய பெருந்தன்மை; அதனை எவரும் தடுக்க இயலாது. ஆனால் தன் பங்கு இன்னதென்று அறியாமல் இடும் கையெழுத்து பெருந்தன்மையாகாது. கருமாதி வீட்டில், உறவினர் சூழ்ந்திருக்க, பேனாவைக் கையில் திணிப்பது கேட்பதும் ஆகாது. இவ்வொரு வழக்கத்தை மட்டும் குடும்பங்கள் கைவிட்டாலே பாதிப் பிணக்குகள் எழாமல் போகும்.

நான்கு மாதம் பேச்சுவார்த்தை இல்லை. பின்னர் தாயாரின் வேண்டுகோளின் பேரில், ஆலயத்தில் கணக்குப் பார்த்துவந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அவர்களோடு அமர்ந்தார். அவர் நடுவராகத் தீர்ப்புச் சொல்ல மறுத்துவிட்டார் என்பது குறிப்பிடத்தக்கது. "பங்கைப் பற்றி இன்று எவரும் பேச வேண்டாம், என்ன இருக்கிறது, என்ன கடன் இருக்கிறது என்பதை மட்டும் எழுதுவோம்" என்றார். முதல் அமர்வு முழுவதும் அதிலேயே கழிந்தது. பட்டாக்கள், வங்கிக் கடிதங்கள், மருத்துவமனை ரசீதுகள் அனைத்தும் மேசைமீது வைக்கப்பட்டன. வீட்டின் விலையை இரண்டாமவர் வேண்டுமென்றே குறைத்துச் சொல்கிறார் என்று இளையவர் ஐயுற்றார். ஐயத்திற்கு மறுமொழி சொல்லிக்கொண்டிராமல், பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை நால்வரும் சேர்ந்து அமர்த்திச் செலவைப் பகிர்ந்துகொண்டனர். வீடு 300,000 ரிங்கிட். நிலம் 150,000 ரிங்கிட்.

இரண்டாம் அமர்வில் கடன்கள் வந்தன. மூத்தவர் கட்டிய தவணை 18,000. மகள் செய்த செலவு 12,000. இவை குடும்பம் திருப்பித் தரவேண்டிய தொகை என்று அனைவரும் ஒப்பினர். எஞ்சியது 420,000. அதில் தாயாருக்கு மூன்றில் ஒன்று 140,000. மக்கள் நால்வருக்கும் தலைக்கு 70,000. கரும்பலகையில் எழுதுவதுபோல் தலைமையாசிரியர் பெரிய எழுத்தில் எழுதி வைத்தார். மூத்தவர் வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்கு மாதத்திற்கு முன் தங்கையிடம் தாம் கேட்டது எவ்வளவு என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. அந்தத் தாளைப் பற்றி அதன் பின்னர் அவர் வாய் திறக்கவில்லை.

சிக்கல் மூன்றாம் அமர்வில்தான். நிலத்தை விற்பதென்று முடிவாயிற்று; வீட்டை விற்றால் தாயார் எங்கே செல்வார்? தாயாரும் இரண்டாமவரும் வீட்டை வைத்துக்கொள்வதாயின் அவ்விருவர் பங்கும் சேர்ந்து 210,000தான். மீதி 90,000 ரிங்கிட்டை இரண்டாமவர் மற்ற மூவருக்கும் கொடுக்க வேண்டும். மரம் சீவுகிறவர் அத்தொகைக்கு எங்கே செல்வார்? "மூன்று வருடம் அப்பாவைப் பார்த்துக்கொண்டதற்குக் கணக்கு இல்லையா?" என்று அவர் கேட்டார். "சும்மா வீட்டில் இருந்ததற்கு வாடகை கணக்குப் பார்க்கலாமா?" என்றார் இளையவர். பேச்சு முறிந்துபோகும் நிலை வந்தது.

அப்போது தலைமையாசிரியர், அதுவரை அடுக்களையிலேயே இருந்த மருமகளை அழைத்து அமரச் சொன்னார். அவர் வாரிசு அல்லர். சட்டத்தின் கண்ணில் அந்த மேசையில் அவருக்கு இடமில்லை. ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்று மட்டும் சொல்லுமாறு கேட்கப்பட்டார். விடியற்காலை நான்கு மணிக்குக் கணவர் மரம் சீவப் புறப்பட்டபின் மாமனாரைப் புரட்டிப் படுக்கவைப்பதிலிருந்து, இரவில் இரண்டு முறை எழுந்து படுக்கை விரிப்பு மாற்றுவது வரை, குறை கூறும் குரலின்றி அவர் சொன்னார். ஐந்து நிமிடத்திற்கு மேல் ஆகவில்லை. ஜொகூரிலும் கிள்ளானிலும் கோலாலம்பூரிலும் இருந்தவர்களுக்கு அது முழுமையாகத் தெரிந்திருக்கவில்லை.

சட்டம் பணிவிடைக்கு விலை போடுவதில்லை. பங்கு வகுக்கும்போது மூன்றாண்டு விழித்த கண்ணும் தூரத்தில் இருந்த கண்ணும் அதற்கு ஒன்றே. ஆகவே அக்கணக்கைக் குடும்பத்தார்தாம் தீர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது; அதைப் பேசாமல் பங்கை மட்டும் பேசுகிற குடும்பங்களே நீதிமன்றப் படியேறுகின்றன. அன்று மகள்தான் முதலில் வாய் திறந்தார். தம் தொகையில் 10,000 ரிங்கிட்டைக் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார். மூத்தவரும் அவ்வாறே சொன்னார். இளையவர் உடனே ஒப்பவில்லை. மறுநாள் தொலைபேசியில் ஒப்புக்கொண்டார். அவருக்கு அத்தொகை எவ்வளவு பெரிது என்பதை எண்ணிப் பார்த்தால் அந்த ஒரு நாள் தாமதத்தைக் குறை சொல்வதற்கில்லை.

இவ்வாறு 90,000 என்பது 60,000 ஆயிற்று. மாதம் 1,000 ரிங்கிட்டாக அறுபது மாதங்களில் கொடுப்பதென்று எழுதினர். நிலம் விற்ற 150,000 ரிங்கிட்டும் இந்தத் தவணையும் சேர்ந்து மூத்தவருக்கு 78,000, மகளுக்கு 72,000, இளையவருக்கு 60,000 சென்று சேரும். வீடு தாயார் பெயரில் பதினைந்தில் ஏழு பங்காகவும் இரண்டாமவர் பெயரில் பதினைந்தில் எட்டு பங்காகவும் பதிவாகும். தாயார் இருக்கும் வரை வீட்டை விற்பதோ அடகு வைப்பதோ இல்லை என்ற வரியும் சேர்க்கப்பட்டது. ஒரு தவணை தவறினால் என்ன செய்வது என்பதையும் விடாமல் எழுதினர். உறவினருக்குள் இவ்வளவு எழுத வேண்டுமா என்று சிலர் கேட்பர். உறவினர் என்பதனால்தான் எழுத வேண்டும். அயலாரிடம் ஏமாந்தால் பணம் மட்டுமே போகும்.

தலைமையாசிரியரைப் போன்ற ஒருவர் எல்லாக் குடும்பத்திற்கும் கிட்டுவதில்லை. அத்தகையோர்க்கு 2012ஆம் ஆண்டுச் சமரசச் சட்டம் ஒரு வழியைத் தருகிறது. பயிற்சி பெற்ற சமரசர் முன்னிலையில் பேசியவை வெளியே செல்லா. எழுதிக் கையெழுத்திட்ட உடன்பாடு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். வழக்குத் தொடுத்த பின்னரும் நீதிமன்றத்தின் வாயிலாகவே சமரசத்திற்குச் செல்லலாம். ஆலய நிர்வாகங்கள் இத்தகைய பேச்சிற்கு ஓர் அறையும் ஒரு குவளைத் தேநீரும் கொடுத்து உதவலாம். அதற்கு மேல் சென்று, நிர்வாகக் குழுவே பஞ்சாயத்துத் தீர்ப்பு வழங்க முற்படுவது அவ்வளவு நல்லதன்று. தோற்றதாக எண்ணும் தரப்பு அதன் பின்னர் சன்னிதிக்கே வராமல் போய்விடும்.

அக்குடும்பத்தின் தாயாரைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் சிறிது உள்ளது. பூசாக்கா ஆணை கைக்கு வந்த பின்னர், தம் ஏழு பங்கைக் குறித்து உயில் எழுத வேண்டும் என்று அவரே கேட்டார். உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்திடுபவரோ அவருடைய கணவன் மனைவியோ அதில் பங்கு பெற இயலாது என்பதனால், உறவில் சேராத இருவர் சாட்சிகளாக அழைக்கப்பட்டனர். எழுதி முடித்ததும், கையெழுத்திடுவதற்கு முன்னர், மக்கள் நால்வரையும் மருமகளையும் கூடத்தில் அமரச் செய்து, முழுவதையும் வாசித்துக் காட்டச் சொன்னார். இளையவர் மட்டும் ஒரு திருத்தம் கேட்டார்: அப்பாவின் படமும் அதன் முன் உள்ள குத்துவிளக்கும் எவர் பங்கிலும் சேராமல் அவ்வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது. அது சேர்க்கப்பட்டது, தாயார் கையெழுத்திட்டார்.